எம்டனும் கோவிந்தராஜனும்

சின்ன வயசில் பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் நான் ஊரைக் கூட்டியபோது என் பாட்டி சொன்னது ஒரே வார்த்தை. "சரியான எம்டன்!" அது ஒரு ஜெர்மன் ஊரின் பெயர் என்று பாட்டிக்கு சத்தியமாகத் தெரியாது. எனக்கும் தெரியாது. எம்டன் என்பவன் எமனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். 1914 செப்டம்பர் 22ம் தேதி ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சத்தமில்லாமல் மெட்ராஸ் பக்கம் வந்தது. சுமார் 130 குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தியது. வந்த வழியே போய்விட்டது. கப்பல் போனாலும் வார்த்தை இங்கேயே தங்கி, குடும்ப அட்டை வாங்கிவிட்டது. 2006ல் 'எம்டன் மகன்' என்று படம் எடுத்தவர்கள், தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' என்று சுருக்கிக்கொண்டார்கள். என் பாட்டியைக் கேட்டிருந்தால் எம்டன் சுத்தத் தமிழ் என்று சூடம் அணைத்து சத்தியம் செய்திருப்பாள்.

ஆக, ஜெர்மன்காரனை நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். அவன் நம்மை என்ன செய்தான்? நாவலில் போட்டான்.

ஜெர்மனிக்கும் காலனிகள் இருந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் என்றால் இங்கிலீஷ்காரன். பாண்டிச்சேரிக்குப் போனால் பிரெஞ்சுக்காரன். ஜெர்மனி பந்திக்கு லேட்டாக வந்த விருந்தாளி. 1884ல் வந்து இலை போட்டு உட்கார்ந்து, இன்றைய நமீபியா, தான்சானியா, கேமரூன், டோகோ, நியூகினியில் ஒரு துண்டு, சமோவாவில் ஒரு துண்டு என்று கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டது. முதல் உலகப் போரில் தோற்றதும் 1919ல் இலையோடு எழுப்பிவிட்டார்கள். பாயசம் வரும்வரைகூட விடவில்லை.

அதற்கப்புறம் அவர்கள் எழுத்தாளர்கள் அந்தப் பந்தியைப் பற்றி எழுதித் தீர்த்தார்கள். அவற்றில் சிலதை இங்கிலீஷ் வழியாகப் படித்தேன். எல்லாமே சேலம் - நாமக்கல் பஸ்ஸில், போக வர. (ஆண்டகளூர் கேட்டில் ஆள் ஏற்றுகிற நேரத்தில் ஒரு அத்தியாயம் தாராளமாக முடியும்.)

முதலில் தேங்காய் மனிதர். கிறிஸ்டியான் கிராஹ்ட் என்ற ஸ்விஸ்காரர் ஜெர்மனில் எழுதி 2012ல் வந்த நாவல் 'இம்பீரியம்'. நிஜமாக வாழ்ந்த ஓர் ஆசாமியைப் பற்றியது. பெயர் ஆகஸ்ட் எங்கெல்ஹார்ட், 1875ல் நியூரம்பர்கில் பிறந்தவர். அவருக்கு ஒரு ஞானோதயம். சூரியனுக்கு மிகப் பக்கத்தில், உச்சாணியில் காய்ப்பது தேங்காய். பார்க்கவும் மனிதத் தலை மாதிரியே இருக்கிறது. ஆகவே தேங்காயை மட்டும் தின்று வந்தால் மனிதன் தெய்வமாகிவிடலாம். 1902ல் ஜெர்மன் வசமிருந்த நியூகினிப் பக்கம் போய், கபக்கோன் என்ற குட்டித் தீவில் தோப்பு வாங்கி, பொட்டுத் துணி இல்லாமல் வெயிலில் உட்கார்ந்து தேங்காய் தின்ன ஆரம்பித்தார். சூரியனுக்கு ஒரு சங்கம் வைத்து ஜெர்மனியிலிருந்து சீடர்களையும் வரவழைத்தார். வந்தவர்களில் சிலர் செத்தார்கள். தப்பியவர்கள் கப்பல் ஏறினார்கள். எலும்பும் தோலுமாகி அவரும் 1919ல் போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் பரமத்தி வேலூர்க்காரர் ஒருவர், தேங்காய் வியாபாரி. இதைத் தற்செயல் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் அந்தப் பாதையில் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் முட்டைக்காரர், லாரிக்காரர், தேங்காய்க்காரர் மூவரில் ஒருவர் உட்கார்ந்தே தீருவார்.

"என்ன புஸ்தகமுங்க சார், தனியாச் சிரிக்கறீங்க?"

கதையைச் சொன்னேன். புதுச்சத்திரம் வரை யோசித்தார்.

"வெறுந்தேங்காயா தின்னாருங்க? நாலு பத்தை தின்னாலே நெஞ்சக் கரிக்குமுங்க. நாப்பது வருசமா யாவாரம் பண்றேன், ஊட்ல சட்னிக்கு மேல நானே தொடறதில்ல."

நிற்க. நம் ஆள் வருகிற இடம் இனிமேல்தான். நாவலில் எங்கெல்ஹார்ட் தன் தீவுக்குப் போகிற வழியில் இலங்கையில் இறங்குகிறார். கண்டிக்குப் போகும்போது ஒரு தமிழர் பழக்கமாகிறார். பெயர் கே. வி. கோவிந்தராஜன். இனிஷியலோடு! நல்ல பேச்சு, நல்ல பழக்கம். நானும் சைவம்தான் என்கிறார் கோவிந்தராஜன். எங்கெல்ஹார்ட்டுக்குப் புல்லரித்துவிடுகிறது. ஊர் உலகமெல்லாம் தன்னைப் பைத்தியம் என்றபோது, கிழக்கே வந்து இறங்கியதும் ஒரு ஞான சகோதரன் கிடைத்துவிட்டானே! சகோதரன் கடைசியில் அவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடுகிறான்.

எனக்குச் சுருக்கென்றது. ஜெர்மன் நாவலில் தமிழன் தலைகாட்டுவதே அபூர்வம். வந்த ஒருத்தனும் ஜேப்படிக்காரனா? பக்கத்து சீட்டில் முறையிட்டேன்.

"பேரு என்னன்னு சொன்னீங்க?"

"கோவிந்தராஜன்."

"அப்ப பணம் கோவிந்தான்னு சொல்லுங்க!" என்று முன் சீட் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். கிராஹ்டுக்கு இந்தச் சிலேடை தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலே பொருத்தமாகப் பெயர் வைத்துவிட்டார்.

சிரித்து முடித்துவிட்டு அவர் ஒன்று சொன்னார். "ஆனா தப்பு கோயிந்தராசன் மேல மட்டும் இல்லீங்க சார். கறி திங்காதவன்னா யோக்கியன்னு அவுரா முடிவு பண்ணிக்கிட்டாரு பாருங்க. ஆளைப் பாக்கலையே, அவன் என்ன திங்கறான்னுதான பாத்தாரு?"

அந்த நாவலைப் பற்றி 2012ல் ஜெர்மனியில் பெரிய ரகளையே நடந்தது. டெர் ஷ்பீகல் பத்திரிகையில் ஒரு விமர்சகர் இது வலதுசாரிச் சரக்கு என்று எழுத, இன்னொரு கோஷ்டி எழுத்தாளர்கள் கிராஹ்டுக்காகக் கொதித்தெழுந்தார்கள். பரமத்தி வேலூர்க்காரர் புதுச்சத்திரத்தைத் தாண்டுவதற்குள் சொன்னதை அவர்களில் எத்தனை பேர் சொன்னார்களோ. கிராஹ்ட் கிண்டலடிப்பது கோவிந்தராஜனை அல்ல. கிழக்கே போனால் எதிர்ப்படுகிறவன் எல்லாம் ரிஷி என்று டிக்கெட் வாங்கும்போதே முடிவு கட்டிக்கொண்டு வரும் ஆசாமியை. ஆனாலும் என் மனசு முழுசாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிண்டல் எங்கெல்ஹார்ட் மேல்தான், சரி. திருட்டுப் பட்டம் நம் மேல்தானே விழுகிறது? கோவிந்தராஜனுக்கு வீடு எங்கே, ஏன் திருடினார், ஒன்றும் தெரியாது. வந்தார், திருடினார், போனார்.

(இடையில் ஒரு துணுக்கு. மெட்ராஸைக் கலக்கிய எம்டன் கப்பல் 1914 நவம்பர் 9ம் தேதி ஓர் ஆஸ்திரேலியக் கப்பலிடம் செம அடி வாங்கித் தரைதட்டியது. எங்கே தெரியுமா? கோகோஸ் தீவுகளில். தமிழில் சொன்னால் தேங்காய்த் தீவுகள். ஜெர்மன்காரர்களுக்கும் தேங்காய்க்கும் ஏதோ பூர்வ ஜென்மப் பகை.)

ஜெர்மன் எழுத்தாளர்களுக்கு நம்மில் ஒரு கோவிந்தன் கட்டாயம் வேண்டும் போலிருக்கிறது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வில் (1922) சித்தார்த்தனின் நண்பன் பெயர் கோவிந்தன். வியாபாரியின் பெயர் காமஸ்வாமி. திருலோக சீதாராம் இதைத் தமிழில் தந்திருக்கிறார். நம் ஊர் லைப்ரரிகளில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

ஹெஸ்ஸே குடும்பமே நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. தாத்தா ஹெர்மன் குண்டர்ட் திருநெல்வேலிப் பக்கம் தமிழ் கற்றுக்கொண்டு, பிறகு தலசேரிக்குப் போய் மலையாளத்துக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர். அம்மா 1842ல் தலசேரியிலேயே பிறந்தவர். இப்படிப்பட்ட வீட்டுப் பையன் 1911ல் இந்தியா பார்க்கிறேன் என்று கிளம்பினார். பினாங்கு, சிங்கப்பூர், சுமத்ரா எல்லாம் போனார். கடைசியில் இலங்கை. கண்டியில் தலதா மாளிகையையும் பார்த்தார். (கோவிந்தராஜன் கண்ணில் படவில்லை, தப்பித்தார்.) வயிறு கெட்டு, அலுத்து, இந்திய மண்ணில் கால் வைக்காமலே வீடு திரும்பி, 1913ல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பு: 'இந்தியாவிலிருந்து'. சேலம் ஜங்ஷனில் டீ குடித்துவிட்டு ஏற்காடு பயணக் கட்டுரை எழுதுகிற சாமர்த்தியம்!

ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் 'ராபர்ட் அகியான்' என்று ஒரு குறுநாவல் இருக்கிறது. என்னைக் கேட்டால் 'சித்தார்த்தா'வை விட அதுதான் நேர்மையான எழுத்து.

அகியான் இளம் பாதிரியார், இங்கிலீஷ்காரர். பட்டாம்பூச்சி பிடிப்பதில் ஆசை. ஒரு பணக்கார வியாபாரி தர்ம காரியமாக மிஷன் நடத்தப் பணம் கொடுக்க, ஆத்மாக்களை ரட்சிக்க பம்பாய் வருகிறார். தங்குவது பிராட்லி என்ற துரையின் வீட்டில். துரைக்கு உள்ளூர்க்காரர்கள் மனிதர்களே இல்லை. அகியானுக்கு அது பிடிக்கவில்லை. இந்த மக்களிடம் ஏற்கனவே நிறைய பக்தி இருக்கிறதே, நான் என்னத்தைப் புதிதாகக் கொடுப்பது என்று குழம்புகிறார். நல்ல மனுஷன். நெய்ஸா என்ற பெண்ணைப் பார்க்கிறார். காதல். ஒரு முத்தமும் ஆயிற்று. கல்யாணம்தான் என்று தீர்மானிக்கிறார். இந்தச் சமயத்தில் ஒரு நாள் பார்த்தால் எதிரே நெய்ஸா நிற்கிறாள். பக்கத்திலேயே இன்னொரு நெய்ஸா! அக்கா தங்கை. இதில் தான் முத்தம் கொடுத்தது யாருக்கு என்று மனுஷனுக்குத் தெரியவில்லை. ஆடிப்போய்விடுகிறார். ஒருத்தியை மற்றவளிடமிருந்து பிரித்துச் சொல்லத் தெரியாதவனுக்கு அது என்ன காதல்?

மிஷனுக்கு ராஜினாமா எழுதிவிட்டு பிராட்லியிடமே வேலை கேட்டுப் போகிறார். காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை கிடைக்கிறது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது புதுசாக இருக்காது. 1820களில் சேலத்துக்குக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தவர். அதற்குப் பின் எத்தனையோ அகியான்கள் மலையேறியிருப்பார்கள். ஹெஸ்ஸே இந்த வேலை மாற்றத்தை ஒரு விடுதலை மாதிரி எழுதி முடிக்கிறார். தோட்டத்தில் கூடை சுமந்தவர்களைக் கேட்டிருந்தால் கதை இன்னும் ரெண்டு பக்கம் நீண்டிருக்கும்.

இரண்டு நெய்ஸா கட்டத்தில் நான் ரொம்பச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வட்டியோடு கட்ட வேண்டி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிரிக்க முடியாத நாவல் ஒன்றும் உண்டு. ஊவே டிம் 1978ல் எழுதிய 'மொரெங்கா'. நாமக்கல் வாசகர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்கலாம்; கதாநாயகன் வெட்னரி டாக்டர். (1985லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊராயிற்றே.) பெயர் காட்ஷால்க். 1904ல் இன்றைய நமீபியாவுக்கு, ஜெர்மன் ராணுவத்தின் குதிரைகளையும் மாடுகளையும் கவனிக்கப் போகிறார். அங்கே ஹெரேரோ மக்கள் எழுந்து நிற்கிறார்கள். அதே 1904 அக்டோபர் 2ம் தேதி ஜெனரல் ஃபொன் ட்ரோத்தா என்பவர், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெரேரோக்களைச் சுடு என்று உத்தரவு போட்டார். தண்ணீரில்லாத பாலைவனத்துக்குள் குடும்பம் குடும்பமாக விரட்டினார்கள். தாகத்திலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அடுத்தது நாமா மக்கள் எழுந்தார்கள். அவர்களுடைய கெரில்லாத் தலைவர்களில் ஒருவர்தான் யாக்கோப் மொரெங்கா, 1907ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு வாயைத் திறந்து ஒப்புக்கொண்டது 2021ல்.

காட்ஷால்க் கெட்டவர் இல்லை. அங்கேயே ஒரு பண்ணை வாங்கி, சாயங்காலமானால் வீட்டில் சங்கீதம் வாசித்துக்கொண்டு இருக்கலாம் என்று கனவு கண்டவர். கண்ணெதிரில் நடப்பதைப் பார்த்து உறைக்கிறது. நாமா மொழியைக்கூட உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார், நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசுகிற மொழி. அவர் சிநேகிதர், இன்னொரு வெட்னரி டாக்டர், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் படையை விட்டு மறைந்துபோகிறார். காட்ஷால்க் மறைவதில்லை. எல்லாம் புரிகிறது. இது அக்கிரமம் என்றும் தெரிகிறது. காலையில் எழுந்து குதிரைக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார்.

அரசாங்க ஆபீசிலோ கம்பெனியிலோ பத்து வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு இந்தப் பாத்திரத்தைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை. மேலே நடப்பது தப்பு என்று தெரிந்தும், நம்ம ஃபைல் சுத்தமாக இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நாற்காலிதான். இதைப் படித்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீஸ் வரை மெதுவாகத்தான் நடந்தேன்.

டிம் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். புத்தகத்துக்கு மொரெங்கா என்று பெயர் வைத்துவிட்டு, மொரெங்காவின் மனசுக்குள் புகுந்து அவர் என்ன நினைத்தார் என்று ஒரு வரி எழுதவில்லை. அப்படிப் புகுவதும் ஒருவகை ஆக்கிரமிப்பு என்பது அவர் கட்சி. மரியாதையான கட்சிதான். ஆனால் அந்த மரியாதையிலும் நம்மைப் போன்றவன் வாசலுக்கு வெளியேதானே நிற்கிறான்?

அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தவர் இலியா த்ரோயனோவ். பல்கேரியாவில் பிறந்து, கென்யாவில் வளர்ந்து, ஜெர்மனில் எழுதி, பம்பாயில் சில வருஷம் குடியிருந்தவர். 2006ல் வந்த இவர் நாவல், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இங்கிலீஷ்காரரைப் பற்றியது. பரோடாவில் கம்பெனி ராணுவத்தில் இருந்துகொண்டு, வேஷம் போட்டு இந்தியர்களோடு இந்தியராகத் திரிந்த நிஜ மனிதர். துரை சாகசத்தை எல்லாரும் எழுதுவார்கள். த்ரோயனோவ் துரையின் வேலைக்காரன் நௌகாராமைக் கூப்பிட்டுக் கேட்கிறார். நௌகாராமுக்கு வேலை போய்விட்டது. அடுத்த துரையிடம் காட்டுவதற்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் ஒருவரிடம் போகிறான்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவரிடம் போயிருக்கிறீர்களா? பட்டா மாறுதலுக்குப் போனால் முப்பாட்டனார் கதையிலிருந்து ஆரம்பிப்பார். அதே ஜாதி. ஒரு பக்கக் கடிதம் எழுத வந்தவனிடம் கதை கேட்கிறார், கேட்கிறார், நாள் கணக்கில் கேட்கிறார். கூலியும் ஏறிக்கொண்டே போகிறது. போதாததற்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, நௌகாராம் சொல்லாததையும் சேர்த்துவிடுகிறார். துரை நம்மைத் தப்பாக எழுதினான் என்று குறை சொல்கிறோம். நம் ஆள் நம் ஆளைப் பற்றி எழுதும்போதும் கை நீளத்தான் செய்கிறது. நான் படித்த வரைக்கும் இந்த விஷயத்தில் இவ்வளவு குறும்பான அத்தியாயங்கள் வேறு இல்லை.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு சரக்கு அங்கே போயிருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) ஜெர்மனில் கிடைக்கிறது; ஹைடல்பர்க் பதிப்பகம் ஒன்று போட்டிருக்கிறது. காளியும் பொன்னாவும் ஜெர்மன் பேசுகிறார்கள். அங்கே எவரோ ஒருவர் தினமும் வேலைக்குப் போகும் ரயிலில் அதைப் பிரித்துக்கொண்டு, பூவரச மரம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து சீட்டில் விளக்கம் சொல்லப் பரமத்தி வேலூர்க்காரர்தான் இருக்கமாட்டார்.

இப்போது அந்த வட்டிக் கணக்கு.

நான் மத்தியானம் சாப்பிடுகிற மெஸ்ஸில் ஒரு வடமாநிலத்துப் பையன் பரிமாறுகிறான். கோழிப்பண்ணை, லாரி பட்டறை, ஓட்டல் என்று நாமக்கல்லில் இப்போது அவர்கள் இல்லாமல் வண்டி ஓடாது. இந்தப் பையன் பயங்கரச் சுறுசுறுப்பு. ரசம் என்றால் சமையல்கட்டிலிருந்து வருவான், மோர் என்றால் கை கழுவுகிற பக்கமிருந்து வருவான். 'ஒரு ஆளு ரெண்டாள் வேலை செய்யறானுங்க' என்று முதலாளியிடம் நானே பாராட்டியிருக்கிறேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். தீபாவளிக்கு அவன் கையில் இருநூறு ரூபாய் வைத்தேன்.

அகியான் கதையைப் படித்து முடித்த மறுநாள், எதிரே ரசத்தோடு ஒருவன் வந்து நின்றான். அதே நேரத்தில் மோரோடு இன்னொருவன்.

இரண்டு நெய்ஸா.

அண்ணன் தம்பியா என்றேன். இல்லையாம். ஒருவனுக்கு ஒடிசா, ஒருவனுக்கு ஜார்க்கண்ட். நன்றாகப் பார்த்தால் ஒருவன் மற்றவனைவிட ஒரு சாண் உயரம். ஒருவனுக்கு மோவாயில் தழும்பு வேறு. ஆறு மாசமாக என் கண் எங்கே போயிருந்தது? தட்டில்தான் இருந்திருக்கிறது. இருநூறு ரூபாய் எந்தக் கைக்குப் போயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"தம்பி, மன்னிச்சுக்கப்பா. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு இத்தனை நாளா..." என்று தடுமாறினேன்.

உயரமான பையன் சிரித்தான். அவன் தமிழ் என் ஹிந்தியைவிட நூறு மடங்கு தேவலை. "பரவால்ல சார். நாங்களும் அப்படித்தான்" என்று கல்லாவிலிருந்து மாசக் கணக்கு நோட்டை எடுத்து வந்து காட்டினான். என் பெயர் அதில் இல்லை. 'மீசை சார்' என்று ஒரு பக்கம். முப்பது சாப்பாடு. ஆம்லெட் பதினாலு.

"நான் ஞாயித்துக்கிழமை வர்றதே இல்லையேப்பா. ஆம்லெட்டா? நான் சைவமாச்சே!"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டு மணிக்கு ஒரு மீசை சார் வருவாராம். அதே சட்டை, அதே கண்ணாடி, அதே தொந்தி. இதுநாள் வரை அவரும் நானும் ஒரே ஆள் என்றுதான் நினைத்திருந்தார்களாம். மாசக் கடைசியில் சொன்ன தொகையை நோட்டைப் பார்க்காமல் கட்டுகிற சோம்பேறி நான்.

அந்த ரெண்டு மணி மீசை யாரென்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் மட்டும் கோவிந்தராஜனாக இருந்துவிடக் கூடாது.